கேனரி வீட்டு மூத்த பெண்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் டெட்வுட் என்றொரு பழைய தங்கச் சுரங்க ஊர். ஊருக்கு மேலே மவுன்ட் மொரையா குன்று. அங்குள்ள கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லறைகளைத்தான் விசாரித்துக்கொண்டு மேடேறுகிறார்கள். ஒன்று துப்பாக்கி வீரர் 'வைல்ட் பில்' ஹிக்காக்குடையது. மற்றது 'கலாமிட்டி ஜேன்' என்று உலகம் அறிந்த பெண்ணுடையது. திருமதி எம்.இ. பர்க், மறைவு 1903 ஆகஸ்ட் 1, வயது 53 என்கிறது கல்.

மறைந்த தேதி சரி. மற்ற எல்லாமே தகராறு. வயது 53 இல்லை. பர்க் என்ற மனிதரை அவர் முறைப்படி மணந்ததற்குப் பதிவு கிடைக்கவில்லை. பக்கத்தில் புதைக்கப்பட்டவர் அவருக்குக் கணவரும் இல்லை. காதலர் என்பதற்குக்கூட நம்பத்தக்க சான்று கிடையாது.

வைல்ட் வெஸ்ட் என்றதும் நம்மூர் லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு லக்கி லூக் நினைவுக்கு வருவார். அந்தத் தொடரில் இந்தப் பெண்மணியின் பெயரிலேயே ஓர் ஆல்பம் உண்டு. 1953இல் டோரிஸ் டே அவர் வேடத்தில் ஆடிப்பாடிய படம் ஆஸ்கர் வரை போனது. தோலாடை, கையில் துப்பாக்கி, விஸ்கி, வாயைத் திறந்தால் வசவு: இந்த வேடத்தை எல்லாரும் பார்த்தாயிற்று. வேடத்தைக் கழற்றிவிட்டு, மார்த்தா ஜேன் கேனரி என்ற பெண் யார் வீட்டுப் பிள்ளை, எங்கே பிறந்தார், யாருக்குத் தாய் என்று கேட்கிற வேலையை வெகு சிலரே செய்தார்கள். 1950களில் ராபர்ட்டா சாலிட் என்ற ஆய்வாளர் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் மெக்லேர்ட், ரிச்சர்ட் எடுலைன் ஆகிய வரலாற்றாசிரியர்கள் கணக்கெடுப்புத் தாள், கல்யாணப் பதிவு, சிறைக் குறிப்பு, உள்ளூர்ப் பத்திரிகை என்று ஒவ்வொன்றாகத் துழாவினார்கள். மெக்லேர்டின் நூல் 2005இல் வந்தது, எடுலைனுடையது 2014இல். இருவரும் காட்டும் பெண், காமிக்ஸில் வருகிறவரைவிட எனக்குச் சுவாரசியமானவராகத் தெரிகிறார்.

வளர்ந்துகொண்டே போன வயது

பிறந்த வருடத்திலிருந்தே சிக்கல். 1896இல் அவர் பெயரில் வெளியான சின்னத் தன்வரலாற்றுப் பிரசுரம், மிசூரி மாநிலம் பிரின்ஸ்டனில் 1852 மே 1 அன்று பிறந்ததாகச் சொல்கிறது. கல்லறைக் கல்லின் கணக்குப்படி 1850. வயோமிங் பிரதேசத்தில் 1869இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ரயில் பாதையோரத்து பீட்மான்ட் என்ற சிற்றூரில் மார்த்தா கேனரி, வயது 15, பிறந்தது மிசூரி என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் 1854.

குடும்ப மரம் வரைகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாள் சம்பவத்துக்கு மிக அருகில் எழுதப்பட்டதோ, அதற்குத்தான் முதல் மரியாதை. இங்கே அந்தத் தாள் 1860ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மிசூரியின் மெர்சர் கவுன்டியில் ராவன்னா பகுதியில் ஒரு குடியானவர் வீடு. ராபர்ட் கேனரி, மனைவி சார்லட், பிள்ளைகளில் மூத்தவள் மார்த்தா, வயது 4. சொன்னவர்கள் பெரும்பாலும் பெற்றோராகவே இருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையைப் பெற்றவர்கள் நான்கு வயது என்று மாற்றிச் சொல்ல மாட்டார்கள். இதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு தாளும் இருக்கிறது. ராபர்ட்டும் சார்லட்டும் ஐயோவா மாநிலம் போல்க் கவுன்டியில் கல்யாணம் பதிந்தது 1855இல்தான். ஆக, பிறந்தது 1856. இறக்கும்போது வயது 47. காலம் போகப்போக ஏட்டில் அவருக்கு வயது கூடிக்கொண்டே போயிருக்கிறது. பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்று கிண்டல் செய்கிறவர்கள் இவர் விஷயத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் அடிமைகள் அல்லாத ஒவ்வொருவரின் பெயரையும் எழுதத் தொடங்கியது 1850இல்தான். அதுவரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்; மற்றவர்கள் எல்லாரும் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. மார்த்தாவின் தந்தைவழித் தாத்தா ஜேம்ஸ் கேனரி வர்ஜீனியா, ஒஹையோ, ஐயோவா, மிசூரி என்று நகர்ந்துகொண்டே வந்ததை நிலப் பத்திரங்களை வைத்துப் பின்தொடர முடிகிறது. பெண்வழியில் அப்படிப் போக முடியாது. கல்யாணமானால் குடும்பப் பெயர் மாறிவிடும், நிலம் கணவர் பெயரில் இருக்கும், பிறப்பைப் பதிய அலுவலகமே இருக்காது. நம் வீடுகளில் எழுதிவைத்த வம்சாவளிகளிலும் கொள்ளுத்தாத்தாவுக்குப் பெயர் இருக்கும், கொள்ளுப்பாட்டிக்கு 'இன்ன ஊர்க்காரி' என்பதோடு சரி.

ஐடஹோ தெருவில் மூன்று பிள்ளைகள்

1863இல் மொன்டானாவின் ஆல்டர் பள்ளத்தாக்கில் தங்கம் கிடைத்த சேதி பரவியதும் ஊர் ஊராக வண்டி கட்டினார்கள். கேனரி குடும்பமும் போனது. ஐந்து மாதப் பயணம் என்கிறது தன்வரலாறு. கிளம்பியது 1865இல் என்கிறது. அது தவறு என்று நமக்குத் தெரிவது, வர்ஜீனியா சிட்டி ஊரில் அச்சான 'மொன்டானா போஸ்ட்' பத்திரிகையின் 1864 டிசம்பர் 31 இதழிலிருந்து. இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது அந்தச் சின்னச் செய்திதான்.

ஐடஹோ தெருவில் ஃபெர்கஸ் என்பவர் வீட்டு வாசலில் மூன்று சிறுமிகள் வந்து பிச்சை கேட்டார்கள். தங்கள் பெயர் கேனரி என்றார்கள். பெரியவள் இடுப்பில் ஏறக்குறைய ஒரு வயதுத் தங்கச்சி. மொன்டானாவில் டிசம்பர் மாதக் கடைசி என்றால் எலும்பு நடுங்கும் குளிர். பிள்ளைகள் மேல் மெல்லிய சீட்டித் துணிக் கவுனைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்பன் பக்கத்து நெவாடா சிட்டியில் சூதாடி என்றும், தாய் மட்டமான நடத்தைக்காரி என்றும் எழுதி, பெற்றோரைப் பத்திரிகை கடுமையாகத் திட்டியது. ஃபெர்கஸ் வீட்டம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் சோறும் துணியும் கொடுத்தார்கள். பிள்ளைகள் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

மூத்த இருவருக்கும் பத்து, பன்னிரண்டு வயது இருக்கும் என்று நிருபர் மதிப்பிட்டிருக்கிறார். 1860 கணக்கெடுப்பின்படி மார்த்தாவுக்கு அப்போது எட்டு வயதுதான். இந்த வித்தியாசத்தைச் சில ஆய்வாளர்கள் பெரிய புதிராகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் புதிர் தெரியவில்லை. இடுப்பில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுகிற எட்டு வயதுப் பெண் யார் கண்ணுக்கும் பெரியவளாகத்தான் தெரிவாள்.

தாய் சார்லட்டைப் பற்றிப் பத்திரிகை சொன்ன வார்த்தைதான் இன்றுவரை புத்தகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூதாடி புருஷன், மூன்று பிள்ளைகள், முன்பின் தெரியாத சுரங்க ஊர். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. 1866இல் மொன்டானாவின் பிளாக்ஃபுட் என்ற இடத்தில் அவள் இறந்தாள் என்றும், மறுவருடம் சால்ட் லேக் சிட்டியில் தந்தை இறந்தார் என்றும் மகள் பின்னாளில் சொன்னார். மார்த்தாவுக்கு அப்போது பதினொன்று.

எது மெய், எது பொய்

இந்தத் தன்வரலாற்றுப் பிரசுரம் ஒரு விசித்திரமான பொருள். பத்து சென்ட் கட்டணம் வாங்கும் காட்சிசாலை ஒன்றின் சுற்றுப்பயணத்துக்காக 1896இல் தயாரானது, சில பக்கங்கள்தான். அவர் சொல்ல யாரோ எழுதியது. அவர் கைப்பட எழுதியதாக உறுதியான ஒரு வரிகூட எங்கும் இல்லை.

அதில் ராணுவச் சாகசங்கள் ஏராளம். 1870இல் ஜெனரல் கஸ்டரின் படையில் வேவுக்காரராகச் சேர்ந்து அரிசோனா போனேன் என்கிறார். கஸ்டர் அரிசோனாவில் பணியாற்றியதே இல்லை. ஈகன் என்ற கேப்டனைக் குதிரையிலிருந்து விழாமல் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றியதால்தான் 'கலாமிட்டி ஜேன்' என்ற பெயர் வந்தது என்கிறார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார் ஈகன். ஹிக்காக்கைச் சுட்ட ஜாக் மெக்காலைக் கசாப்புக் கடையில் மடக்கினேன், துப்பாக்கி கட்டில் கம்பத்தில் மாட்டியிருந்ததால் கறி வெட்டும் கத்தியைத் தூக்கினேன் என்கிறார். அந்த நாளைய பத்திரிகை எதிலும் அந்தக் கத்தி இல்லை.

ஆனால் அதே பிரசுரத்தில் குடும்பத்தைப் பற்றிய வரிகளை எடுத்துப் பாருங்கள். பெற்றோர் பெயர் பொருந்துகிறது. உடன்பிறந்தவர்களில் தான் மூத்தவள் என்பது பொருந்துகிறது. பெற்றோரை இழந்த பின் 1868இல் ஃபோர்ட் பிரிட்ஜர் வந்து, அங்கிருந்து பீட்மான்ட் போனதாகச் சொல்வது 1869 கணக்கெடுப்போடு ஒட்டிப்போகிறது. புகழுக்காகச் சொன்ன இடங்களில்தான் கை நீளுகிறது. வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, வருடக் கணக்கில் தடுமாறினாலும், அவர் பெரும்பாலும் உண்மையையே சொல்லியிருக்கிறார். குடும்ப ஆவணங்களைத் தேடிப் போகாதவர்களுக்கு இது தெரிந்திருக்காது. கஸ்டர் கதை பொய் என்று கண்டதும் மொத்தப் பிரசுரத்தையும் தூக்கி வீசியிருப்பார்கள்.

பிழைப்புக்கு அவர் என்னென்ன செய்தார் என்பதும் தாள்களில் இருக்கிறது. சமையல், துணி வெளுப்பு, நடன விடுதி, சில சமயம் உடலை விற்றது. 1869 டிசம்பரில் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்து வயோமிங் பெயர் வாங்கியது. அதே வருடம் அதே பிரதேசத்தில் ரயில்பாதை ஊர் ஒன்றில் அநாதைச் சிறுமி ஒருத்தி கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

1876 கோடையில் ஷயென் நகரில் துணி திருடியதாக அவரைச் சிறையில் வைத்தார்கள். குற்றமில்லை என்று தீர்ப்பானது. விடுதலையான சந்தோஷத்தில் ஒரு லாயத்தில் குதிரை வண்டி வாடகைக்கு எடுத்தார், பக்கத்து ராணுவ முகாம்வரை போய் வருவதாகச் சொல்லி. வழியெல்லாம் குடி. முகாம் தாண்டியதே தெரியவில்லை. 90 மைல் தள்ளி ஃபோர்ட் லாரமியில்தான் வண்டி நின்றது என்று உள்ளூர்ப் பத்திரிகை நையாண்டியாக எழுதியது. அங்கிருந்துதான், டெட்வுட் போகும் வழியில் ஹிக்காக் இருந்த வண்டித்தொடர் அவரை ஏற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 2 அன்று ஹிக்காக் சீட்டாடிக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவருக்கும் பழக்கம் ஏறத்தாழ ஒரு மாதம். அந்த மார்ச்சில்தான் ஹிக்காக், சர்க்கஸ் நடத்திய ஆக்னஸ் லேக் என்பவரை ஷயெனில் மணந்திருந்தார்.

டெட்வுட் இருக்கும் கறுப்புக் குன்றுகள் 1868 உடன்படிக்கைப்படி பூர்வகுடிகளான லகோட்டா மக்களுக்கு உரியவை. 1874இல் கஸ்டரின் படை அங்கே தங்கம் இருக்கிறது என்று அறிவித்ததும் சட்டமாவது ஒன்றாவது என்று கூட்டம் நுழைந்தது. நிலத்தைப் பறித்ததற்கு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1980இல். பணம் வேண்டாம், நிலம் வேண்டும் என்று லகோட்டாக்கள் இன்றும் அதை வாங்கவில்லை. 'எல்லைப்புறப் பெண்மணி' என்று பெருமையாகப் பேசும்போது, அது யாருடைய ஊருக்குள் நுழைந்த எல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

ஹிக்காக் இறந்த அடுத்த வருடம் அக்டோபரில் 'டெட்வுட் டிக்' என்ற மலிவு விலை நாவல் தொடரின் முதல் கதையிலேயே கலாமிட்டி ஜேன் பாத்திரமாகிவிட்டார். நிஜப் பெண்ணுக்கு வயது 21. அதன் பிறகு ஊருக்கு ஊர் ஜனங்கள் பார்க்க வந்தது அந்தப் பாத்திரத்தை.

இருபத்தைந்து முட்டைக் கேக்

1941இல் அன்னையர் தினத்தை ஒட்டி அமெரிக்க வானொலியில் ஒரு முதிய பெண் பேசினார். பெயர் ஜீன் மெக்கார்மிக். கலாமிட்டி ஜேனுக்கும் ஹிக்காக்குக்கும் 1873இல் பிறந்த மகள் நான்தான் என்றார். ஆதாரமாக ஒரு பழைய ஆல்பம். அதில் தாய் மகளுக்கு எழுதியும் அனுப்பாமல் வைத்த கடிதங்கள். மகளை ஒரு கப்பல் கேப்டனுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, இரவில் தனியே உட்கார்ந்து ஒரு தாய் எழுதுகிற உருக்கம். நடுவே ஒரு கேக் செய்முறைகூட உண்டு: இருபத்தைந்து முட்டை, பவுண்டு கணக்கில் உலர்திராட்சை, மேலே பிராந்தி ஊற்றி மூடி வைத்தால் இருபது வருடம் கெடாது.

நாடு உருகியது. மொன்டானாவில் அவருக்கு முதியோர் உதவித்தொகை கிடைத்தது. கடிதங்கள் புத்தகமாகின, மேடையேறின, இசையமைப்பாளர் லிபி லார்சன் 1989இல் அவற்றைப் பாடல்களாக்கினார். மெக்லேர்ட் 1995இல் கடிதங்களை வரிவரியாகப் பிரித்து வைத்து, இது மோசடி என்று நிறுவினார். எழுதத் தெரிந்ததற்குச் சான்றில்லாத பெண் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதங்களின்படி ஹிக்காக்கைக் கைப்பிடித்த 1870இல் மணமகளுக்கு வயது பதினான்கு. 1876க்கு முன் இருவரும் சந்தித்ததற்கே தடயம் இல்லை.

இதற்குப் பிறகும் இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் ஹிக்காக், ஜேன், மகள் ஜீன் என்ற கிளையை இன்றும் காணலாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் அப்படியே எடுத்துத் தன் மரத்தில் ஒட்டுகிறார். நூறு மரத்தில் இருக்கிறதே என்பது ஆதாரமாகிவிடுகிறது. அந்தக் கடிதங்களை நானும் படித்தேன், நன்றாகத்தான் இருக்கின்றன. அதுதான் அபாயம்.

சொந்த ரத்தம்

பொய் மகளை நீக்கினால் மிச்சமிருக்கும் குடும்பம் கண்ணுக்குத் தெரிகிறது. தங்கை லீனா வயோமிங்கில் ஜான் போர்னர் என்ற ஜெர்மானியரை மணந்து, பிள்ளை குட்டிகளோடு பண்ணை வீட்டில் இருந்தார், 1888இல் இறந்துபோனார். மார்த்தா அந்த வீட்டுக்கு வந்துபோனதை லீனாவின் மகன் டோப் போர்னர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தம்பி எலைஜா ஒரு தினுசு: ஓடும் ரயிலின் முன்னால் குதிரைகளை விரட்டிவிட்டு, செத்த குதிரைக்கு ரயில் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கும் கும்பலில் சேர்ந்து ஜெயிலுக்குப் போனார். ஒரே அடுப்படியில் வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் மூன்று திசையில் சிதறியதைப் பார்த்தால், தனியே சுற்றிய வீராங்கனை என்ற சித்திரம் கொஞ்சம் கலைகிறது. அவர் அடிக்கடி வயோமிங் பக்கம் திரும்பியதற்குக் காரணம் சாகசம் மட்டும் இல்லை.

கல்யாணத்துக்கு வருவோம். 1885இல் டெக்சஸில் கிளின்டன் பர்க்கை மணந்தேன், 1887 அக்டோபர் 28 அன்று பெண் குழந்தை பிறந்தது என்கிறது பிரசுரம். பதிவேட்டில் இருக்கும் கல்யாணம் வேறு: 1888 மே மாதம், ஐடஹோவின் பொகடெல்லோ, மாப்பிள்ளை வில்லியம் ஸ்டீயர்ஸ் என்ற ரயில்வே தொழிலாளி. அவரை ஸ்டீயர்ஸ் அடித்து உதைத்த செய்திகள் பத்திரிகைகளில் உண்டு. அந்த ஆளைப் பிரசுரத்தில் அவர் ஒரு வார்த்தைகூடக் குறிப்பிடவில்லை. தேதிகளை அடுத்தடுத்து வைத்தால் காரணம் ஊகிக்கக் கூடியதுதான். குழந்தை பிறந்து ஏழு மாதம் கழித்துத்தான் கல்யாணம். புருஷனை மாற்றி, கல்யாணத்தை ஏறத்தாழ மூன்று வருடம் முன்தள்ளிவிட்டால் மகளுக்கு ஊர் வாயில் அவப்பெயர் இல்லை. கஸ்டர் கதையைப் போல இது காசுக்காகச் சொன்ன பொய்யாக எனக்குப் படவில்லை.

1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள்கள் கையில் இருந்தால் தாயும் தகப்பனும் இரண்டு வயது மகளும் ஒரே கூரையின் கீழ் எழுதப்பட்டிருந்தார்களா என்று பார்த்துவிடலாம். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் அந்த ஆண்டின் தாள்கள் ஏறக்குறைய முழுவதும் பாழாகின. மேற்குப் பகுதிக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் அந்தத் தீயைச் சபிக்காத நாள் கிடையாது. 1880இலும் 1900இலும் வெவ்வேறு குடும்பப் பெயரில் இருக்கும் ஒரு பெண்ணை நடுவில் பிடித்து இணைக்கும் கண்ணி அதில்தான் போயிற்று.

1895இல் மார்த்தா மகளோடு டெட்வுட் திரும்பினார். மகளின் படிப்புக்காக ஊர்க்காரர்கள் நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதி அன்றிரவே குடியில் கரைந்ததாக ஒரு பேச்சு. மிச்சத்தில் மகளை ஸ்டர்ஜிஸ் ஊர் கன்னிமாடப் பள்ளியில் சேர்த்தார்கள். மகள் பெயர் ஜெஸ்ஸி. அடுத்த ஆண்டு தாய் பிரசுரத்தை விற்றுக்கொண்டு சுற்றுப்பயணம் போய்விட்டார். தாயும் மகளும் பிரிந்த பின் சேர்ந்து வாழவில்லை.

ஜெஸ்ஸி வளர்ந்து, கல்யாணமாகி, நடுவயது தாண்டிய பிறகு பலருக்கும் கடிதம் எழுதித் தன் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். ஜீன் மெக்கார்மிக் வானொலியில் பேசிப் பேர் வாங்கிய காலமும் ஏறத்தாழ அதுதான். நிஜ மகளை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவர் கடிதங்களில் கலாமிட்டி ஜேன் தாயாக வரவில்லை, பாட்டியாக வருகிறார். கல்லில் 53 வயது. புகைப்படங்களில் அதற்கும் மேல் தளர்ந்த முகம். அந்தப் பெண்ணுக்குத்தானா பிறந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தடுமாறியிருக்கலாம். அவருடைய பிறந்த தேதி, மாதம் நாள் வருடத்தோடு, காட்சிசாலை வாசலில் விற்ற அந்தப் பிரசுரத்தில் அச்சாகியிருந்தது.